ஆறாம் வகுப்பில் அத்தை

தலைக்கு ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்று எங்கள் பெரிய டீச்சர் சொன்னபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்து முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற வயது. வந்த வினை எல்லாம் அதனால்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக் முடிந்து, அதன் சுற்றுச்சுவரும் முடிந்து, அதற்கு வெளியே தகரமும் சிமென்ட் ஓடும் போட்ட வீடுகளாக இருந்தது எங்கள் இடம். சுவருக்கு உள்ளே இருப்பவர்கள் பர்மனென்ட், வெளியே இருப்பவர்கள் கான்ட்ராக்ட். உலகத்தில் இந்த இரண்டு ஜாதிதான் உண்டு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் மண்ணை வாரி அப்புறப்படுத்த வேண்டும். அம்மா டவுன்ஷிப்புக்குள் ரோடு பெருக்கப் போவாள். அதுவும் கான்ட்ராக்ட்தான். வீட்டிலேயே இருப்பவள் அத்தை மட்டும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் சின்ன வயதிலிருந்தே எங்களோடு இருந்தாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் வேனில் முந்திரிக்கொட்டை மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். அத்தை உடைத்துப் பருப்பெடுத்து வைப்பாள். அவர் திரும்ப வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார்.

எங்கள் பள்ளிக்கூடம் நடுநிலைப் பள்ளி. எட்டு வகுப்பு, நான்கு அறை, மூன்று டீச்சர், ஒரு புங்கமரம். மூன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாங்கள் வாய்ப்பாடு சொன்னால் அவர்கள் சரித்திரத்தை நிறுத்த வேண்டும். அவர்கள் சரித்திரம் படித்தால் எங்களுக்குத் தூக்கம் வரும்.

பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கொஞ்சம் வசதி வந்தவர்கள் மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள். கான்ட்ராக்ட் முடிந்தவர்கள் வீட்டுச் சாமானோடு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். முந்திரிக் காலத்தில் பாதி வகுப்பு தோப்புக்குப் போய்விடும். போனதில் சிலர் திரும்பி வருவதே இல்லை. கடைசியில், தலை நாற்பது இல்லாவிட்டால் பள்ளியை மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அந்த ரோட்டில் சாம்பல் லாரிகள் இரவும் பகலும் ஓடும். பெரியவர்களே கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவார்கள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் என்றால் எங்கள் தெருவில் யாரும் சின்னப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். டீச்சருக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை மரத்தடியில் உட்கார வைத்துப் பேசினார்.

"திங்கக்கிழமை ஆபீசர் வந்து எண்ணப் போறார். நம்ம தெருவுலயே ஸ்கூலுக்குப் போகாம வீட்ல இருக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. இந்த ஸ்கூல் நமக்கு வேணுமா, வேணாமா?"

"வேணாம் டீச்சர்," என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனைத் தனியாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்களிடம் மறுபடியும் கேட்டார். வேணும் என்றோம்.

அந்தச் சனி, ஞாயிறு மாதிரி இரண்டு நாள் எங்கள் தெருக்களில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. முப்பத்தோரு பிள்ளைகள் வீடு வீடாகப் புகுந்து ஆள் தேடினோம். பஞ்சர் கடையில் டியூப் முக்கிக்கொண்டிருந்த பையனை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கண்டுபிடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் அவனுக்காக யாரும் சண்டை போட்டதில்லை போலிருக்கிறது. ஆடு மேய்க்கிற அக்காள் தங்கை இருவர் ஆடுகளையும் கூட்டி வரலாமா என்று கேட்டார்கள். வடக்கே எங்கிருந்தோ மைன்ஸ் வேலைக்கு வந்திருந்த குடும்பத்தில் ஒரு பையன் இருந்தான். அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. என் சிநேகிதி அவனைத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார வைத்து, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டான். பிறகு பசித்தாலும் அதையே சொன்னான், தாகமெடுத்தாலும் அதையே சொன்னான்.

எனக்கு யாரும் கிடைக்கவில்லை. நான் போகிற வீட்டிலெல்லாம் எனக்கு முன்பே யாராவது வந்து பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒன்றுகூட மிச்சமில்லை. வாசலில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

அத்தை கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைக்கும்போது தெறிக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் விரல்களில் சாம்பலைப் பூசியிருந்தாள். "இன்னாத்துக்கு அழுவற?" என்று கேட்டாள். சொன்னேன். சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தேன். டீச்சர் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அத்த, நீ ஸ்கூலுக்குப் போறியா?"

"இல்லியே."

"வூட்லதான இருக்க?"

"வேற எங்க இருக்கறேன்."

"அப்ப நீதான். நாளைக்கு வா."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நைட் ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியவர், சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "போ புள்ள, போயி அ, ஆ எழுதினு வா," என்றார். அத்தையும் சிரித்தாள். பத்தொன்பது வயசாகிறது, கல்யாணப் பேச்சு வந்துகொண்டிருக்கிறது, நான் போய்ப் பலகையில் உட்காரவா என்றாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "ஒரு நாளுதான. போயிட்டு வாயேன்."

"இன்னா அண்ணி நீங்களும். நாளைக்கு மூட்டைய எடுக்க ஆளு வருது. யாரு ஒடைக்கறது?"

"நான் ஒடைக்கறேன்."

"உங்களுக்கு வேல?"

"லீவு போட்டுக்கறேன்."

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட அம்மா லீவு போட்டதில்லை. தலைமாட்டில் வேப்பிலையை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனவள் அவள். பள்ளிக்கூடத்தின் மீது அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு அம்மா எழுந்து போனாள். ஐந்தாவது வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற அக்காள் ஒருத்தி இருந்தாள். அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட வெள்ளைச் சட்டையையும் நீலப் பாவாடையையும் அம்மா வாங்கிக்கொண்டு வந்தாள். அத்தை குள்ளம். எங்கள் தெருவில் அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், பெண்ணின் தங்கையைக் காட்டுகிறீர்களே, பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார். சட்டை சரியாக இருந்தது. பாவாடையை இடுப்பில் இரண்டு ஊக்கு குத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

காலையில் அம்மா அத்தைக்கு இரட்டை ஜடை பின்னி, மடித்து, சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டினாள். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். வகிடு கோணல் என்று அவிழ்த்தாள். மறுபடியும் பின்னினாள். எனக்கு ஒரு ஜடைக்கு மேல் பின்ன அவளுக்கு ஒரு நாளும் நேரம் இருந்ததில்லை.

"அண்ணி, ஸ்கூலுக்கு நேரமாவுது," என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவளை வெளியே இழுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. தெருவே வாசலில் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு என் கையைப் பிடித்தபடி வந்தாள். தெருமுனையில் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து கரிமண் படிந்த சட்டையோடு எதிரே வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். நாங்கள் தாண்டிப் போன பிறகுதான் திரும்பினார்.

"யாரோ ரெண்டு புள்ளைங்கன்னு நெனச்சிட்டேன்," என்றார்.

நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வளைவில் திரும்பும்வரை டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பள்ளி வாசலில் பெரிய டீச்சர் வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அத்தையை அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனாலும் வந்து அழைத்துப் போகிறவள் அவள்தானே. டீச்சர் ஜடையைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடி இது?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க. ஆளுக்கு ஒருத்தர்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஆபீசரின் ஜீப் வந்துவிட்டது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு வணக்கம் சொல்லப் போனார். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வரிசையில் நின்றார்கள். நான் அத்தையின் கையை விட்டுவிட்டு என் வரிசைக்கு ஓடினேன். எங்கே நிற்பது என்று அத்தையிடம் நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராக ஆறாம் வகுப்பு வரிசைக்குப் போய்க் கடைசியில் நின்றாள். தமிழ்த்தாய் வாழ்த்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஒரு வரிகூடத் தடுமாறவில்லை.

முதலில் வருகைப் பதிவு. டீச்சர் யார் பெயரைக் கூப்பிட்டாலும் அந்த வடக்கத்திப் பையன் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றான். கூப்பிட்ட பெயருக்குச் சொந்தக்காரனும் எழுந்து உள்ளேன் என்றான். ஆபீசர் கணக்கைத் தவறவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தார். மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும், டீச்சர் அந்தப் பையனைத் தன் பக்கத்தில் நிறுத்தி அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டார். அவன் டீச்சர் விரல்களுக்குள்ளேயே எல்லோருக்கும் உள்ளேன் சொன்னான்.

பிறகு ஆபீசர் எங்கள் அறைக்கு வந்தார். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எங்களை ஆறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். சொன்னோம். ஆறாம் வகுப்பின் பக்கம் திரும்பினார். அங்கே நிஜமான ஆறாம் வகுப்பு நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் அத்தை. நான் உடம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முக்காலில் பாதி எவ்வளவு?" என்று கேட்டார்.

ஒருவன் கால் என்றான். இன்னொருத்தி அரை என்றாள். மற்ற இருவரும் கூரையைப் பார்த்தார்கள். அத்தையின் கை பாதி உயர்ந்து மறுபடியும் கீழே போனது. ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீ சொல்லும்மா."

அத்தை எழுந்து நின்றாள். "முந்நூத்தி எழுவத்தஞ்சு கிராமுங்க."

வகுப்பு சிரித்தது. ஆபீசருக்கும் உதடு துடித்தது. "நான் எடை கேட்கலையே."

"எடை இல்லாம எப்படிங்க பாதியாப் பிரிக்கறது?"

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். "நியாயம்தான். ஆனா இது வெறும் எண். போர்டுல வந்து போடு, பார்ப்போம்."

அத்தை போர்டுக்குப் போனாள். சாக்பீஸை எடுத்து ஒரு நீளமான கோடு போட்டாள். அதை நான்காகப் பிரித்தாள். நின்று யோசித்தாள். நான்கில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எட்டு வந்தது. முக்கால்வரை எண்ணினாள், ஆறு. அதில் பாதியைக் கையால் மறைத்தாள். கோட்டுக்குக் கீழே நிதானமாக, பெரிதாக, மூன்றின் கீழ் எட்டு என்று எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பார்த்ததில்லை, பொங்கலுக்குப் புதுத் துணி கட்டியபோதும் பார்த்ததில்லை.

ஆபீசர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். தட்டி முடித்தவர் அவள் சாக்பீஸ் பிடித்திருந்த விரல்களைக் கவனித்தார். சுண்ணாம்புத் தூளுக்கு அடியில் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் போல.

"முந்திரி உடைக்கிறியா?"

அத்தை கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்தாள். "ஆமாங்க."

"எத்தனை வருஷமா?"

"ஏழெட்டு வருஷமாங்க," என்றாள் அத்தை, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

ஆபீசர் ஆறாம் வகுப்பைப் பார்த்தார். "அப்படின்னா மூணு வயசுலேர்ந்து உடைக்கிற. உனக்கு என்ன வயசும்மா?"

அத்தை டீச்சரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "பத்தொம்பதுங்க," என்றாள்.

என்னால் பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கால்கள் தாமாக எழுந்து நின்றன. "நான்தான் சார் கூட்டிகினு வந்தேன். ஸ்கூலுக்குப் போகாம வூட்ல இருக்கறவங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எங்க தெருவுல வேற யாருமே மிச்சம் இல்ல சார்." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

ஆபீசர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ரிஜிஸ்டரை அவர் முன்னால் வைத்தார். "அந்தப் பொண்ணு பேரை நான் எழுதல சார். பாத்துக்கோங்க. வந்தவங்களத் திருப்பி அனுப்ப மனசு வரல, அவ்வளவுதான்."

ஆபீசர் ஒவ்வொரு அறையாகப் போய் மறுபடியும் தலைகளை எண்ணினார். அத்தையை விட்டுவிட்டுத்தான் எண்ணினார். ஆட்டுக்கார அக்காள் தங்கை, பஞ்சர் கடைப் பையன், உள்ளேன் டீச்சர் எல்லோரையும் சேர்த்து நாற்பத்தொன்று வந்தது. இன்னும் ஒரு மாதம் கழித்து வருவேன், இதே தலைகள் இருக்க வேண்டும் என்றார். டீச்சர் இருக்கும் என்றார். என் அத்தை இல்லாமலே பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அத்தை ஜடையை அவிழ்க்கப் போனாள். "அப்ப நான் வூட்டுக்குப் போறேன் டீச்சர்."

ஜீப்பில் ஏறப் போன ஆபீசர் நின்றார். "இன்னிக்கு முட்டை போடற நாள். சாப்பிட்டுட்டுப் போகட்டும் டீச்சர்," என்றார்.

அத்தை எங்களோடு வரிசையில் தட்டை நீட்டி நின்றாள். சத்துணவு அம்மா இவளைப் பார்த்துத் திகைத்துவிட்டு இரண்டு முட்டை வைத்தார். ஒன்றைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். உள்ளேன் டீச்சர் தன் முட்டைக்கும் உள்ளேன் சொன்னான். சாப்பிட்ட பிறகும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மதியம் புங்கமரத்தடியில் கோகோ விளையாடினோம். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை ஓடிய ஓட்டத்தை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு யாராலும் தொட முடியவில்லை. ஊக்கு தெறித்து விழுந்தது. ரிப்பன் அவிழ்ந்து பறந்தது. கடைசியில் அவளைத் தொட்டது அந்த ஐந்தாம் வகுப்புப் பையன்தான், பள்ளிக்கூடம் வேண்டாம் என்றவன். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் லீவு போடவில்லை.

கடைசி மணி அடித்ததும் அத்தை டீச்சரின் மேஜைக்குப் போனாள். நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். "நான் உட்ட எடத்துலேர்ந்து எழுத முடியுமா டீச்சர்?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

முடியும் என்றுதான் ஆனது. வீட்டில் படித்து, தனித்தேர்வராக முதலில் எட்டாம் வகுப்பு எழுதினாள். கணக்கில் நல்ல மார்க்கு. இங்கிலீஷில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறினாள். பத்தாம் வகுப்பை எழுதி முடிப்பதற்குள் கல்யாணமும் ஆகி, நெல்லிக்குப்பத்துக்குப் போய், வயிற்றில் பிள்ளையோடு பரீட்சை ஹாலில் உட்கார்ந்தாள். இப்போது அங்கே அங்கன்வாடியில் டீச்சர். போனில் பேசினால் பின்னால் இருபது குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே கத்துவாள். எங்கள் பள்ளிக்கூடம் நான் எட்டாம் வகுப்பு முடித்து வெளியே வரும்வரை இருந்தது. உள்ளேன் டீச்சர் இன்று என்னைவிட நல்ல தமிழ் பேசுவான், கடலூர் வாடை அடிக்கும்.

அதெல்லாம் பிறகு நடந்தவை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நானும் அத்தையும் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து இன்னும் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பாதிப் பருப்பு நொறுங்கிப் போயிருந்தது. அவள் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. அத்தை துணி மாற்றாமல் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, "எழுந்திருங்க அண்ணி, ஊரு முந்திரியெல்லாம் தூளாக்கிட்டீங்க," என்று சொல்லி வேலையைக் கையில் வாங்கிக்கொண்டாள். உடைத்துக்கொண்டே அன்று நடந்ததை முழுக்கச் சொன்னாள். ஆபீசர் மாதிரி பேசிக் காட்டினாள். அப்பா தூங்கி எழுந்து வந்து கேட்டுச் சிரித்தார். அம்மா மூன்றின் கீழ் எட்டை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அத்தை ஏன் படிப்பை நிறுத்தினாள் என்று யார் கேட்டாலும், அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்கிற பதில். அப்பா சொல்வார், அத்தையே சொல்வாள். அன்று போர்டில் பார்த்தது அப்படி இல்லையே.

"அத்த, நீதான் இவ்ளோ நல்லா கணக்குப் போடற. அப்புறம் ஏன் நின்னுட்ட?"

யாராவது வழக்கமான பதிலைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். அப்பா சொல்லவில்லை. அத்தை என்னைப் பிடித்து இழுத்து, நீலப் பாவாடை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அதுவா? நான் ஆறாவது படிச்சிகினு இருக்கும்போது ஒரு ராட்சசி வந்துட்டா."

"எவ்ளோ பெருசு?"

"இத்தினிக்கூண்டு. ஆனா கத்தினான்னு வெச்சிக்கோ, பவர் ஹவுஸ் சங்கு தோத்துப் போயிடும். எறக்கி வுட்டா கத்துவா. தூக்கி வெச்சிகினா சிரிப்பா. ரெண்டு நாளு ஸ்கூலுக்கே தூக்கினு போயிப் பாத்தேன். என் கணக்கு நோட்டைக் கடிச்சித் தின்னுட்டா. அதுக்கப்புறம் எங்க போறது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு ராட்சசிக்குப் பயந்து இத்தனை பேரும் சும்மா இருந்திருக்கிறார்கள். "நான் மட்டும் அப்ப இருந்திருந்தா அவள ஒரே ஒதையா ஒதைச்சிருப்பேன்," என்றேன்.

அத்தை சிரித்தாள். சிரித்துச் சிரித்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிப்பில் என் சட்டை நனைந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போய் யாரும் இல்லாத தெருவைப் பார்த்தார். அம்மா வீங்கிய விரல்களால் என் கன்னம் இரண்டையும் பிடித்தாள்.

"ஒதைக்காத," என்றாள். "அதுக்கு இன்னா தெரியும், பாவம்."

அம்மா போயும் போயும் அந்த ராட்சசிக்குப் பரிந்து பேசியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் திரும்பி வந்துவிட்டால் அத்தையை மறுபடியும் படிக்க விடமாட்டாளே என்று கவலையாக இருந்தது. அன்று நானே கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். ராட்சசி இனி உள்ளே வர முடியாது என்ற தைரியத்தில், அத்தை மேல் காலைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.